கசிந்த ஒளி: பேரண்டத்தின் ஹைட்ரஜனை உடைத்தது யார்?

2001ஆம் ஆண்டு வெளியான ஒரு வரைபடம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பார்வைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கீழே அலைநீளம், பக்கவாட்டில் ஒளியின் அளவு. வலப்பக்கத்திலிருந்து ஒரு கோடு மேடு பள்ளமாக நடந்து வருகிறது. 885 நானோமீட்டர் அருகே மலைபோல் எழும்புகிறது. மலையின் இடப்பக்கச் சரிவில் இறங்கி, கொஞ்ச தூரம் போனதும் தரையில் படுத்துவிடுகிறது. அதற்கப்பால் கருவியின் இரைச்சல் மட்டுமே, ஒளி சுழியம். ஜே1030+0524 என்ற குவேசாரின் நிறமாலை அது. தொலைதூரக் கேலக்ஸியின் நடுவே பெருங்கருந்துளை வாயுவை விழுங்கும்போது பளீரென ஒளிரும் விளக்குதான் குவேசார். ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கி பதிவு செய்தது.

படுத்துக் கிடக்கும் அந்தப் பகுதியில் ஒளி ஏன் இல்லை? குவேசார் ஒளியை அனுப்பத்தான் செய்தது. வழியில் ஏதோ ஒன்று அதை விழுங்கிவிட்டது. விழுங்கியது ஹைட்ரஜன், தன் எலக்ட்ரானைப் பறிகொடுக்காமல் முழு அணுவாக இருந்த ஹைட்ரஜன். இன்று கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள பெருவெளியில் அப்படிப்பட்ட ஹைட்ரஜனைக் காண்பது அரிது. கிட்டத்தட்ட எல்லா அணுவும் எலக்ட்ரானை இழந்து அயனியாகக் கிடக்கிறது. ஆக, இடையில் எப்போதோ பேரண்டத்தின் ஹைட்ரஜன் முழுவதும் உடைக்கப்பட்டிருக்கிறது. வானியலில் இதற்கு மறு அயனியாக்கம் என்று பெயர்.

‘மறு’ என்று ஏன் சொல்கிறோம்? முதலில் அது அயனியாகத்தான் இருந்தது. பெருவெடிப்புக்குப் பிந்தைய 3,80,000 ஆண்டுகள் எங்கும் கடும் வெப்பம். ஒரு புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தால் மறுகணமே ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், வந்து மோதிப் பிரித்துவிடும். விரிய விரியச் சூடு தணிந்து சுமார் 3,000 கெல்வினுக்கு வந்தபோதுதான் அணுக்கள் பிழைத்து நின்றன. இதில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அதை வெப்பநிலையாக மாற்றிப் பார்த்தால் ஒன்றரை லட்சம் கெல்வினைத் தாண்டும். அப்படியிருக்க, ஏன் 3,000 வரை காத்திருக்க வேண்டும்? காரணம் எண்ணிக்கை. ஒவ்வொரு புரோட்டானுக்கும் 100 கோடிக்கும் அதிகமான ஃபோட்டான்கள் இருந்தன. சராசரி ஃபோட்டானுக்கு அணுவை உடைக்கும் வலு இல்லை. ஆனால் அத்தனை கோடியில் வலு மிகுந்தவை ஒரு சில இருந்தாலே போதுமே. எந்தச் சூட்டில் எத்தனை பங்கு அணுக்கள் உடைந்திருக்கும் என்று சொல்லும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் மேகநாத் சாஹா. சூரியனின் வளிமண்டலத்தை விளக்குவதற்காக அவர் எழுதிய அதே சமன்பாடு, பேரண்டத்தின் குழந்தைப் பருவத்துக்கும் பொருந்திவிட்டது.

ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கியதும் ஒளிக்கு வழி திறந்தது. அன்று கிளம்பிய ஒளிதான் இன்று அண்ட நுண்ணலைப் பின்னணியாக எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. அதற்குப் பிறகு நெடிய இருட்டு. ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும் தவிர வேறு பொருள் இல்லை. விண்மீன் ஒன்றுகூட இல்லை. பத்து, இருபது கோடி ஆண்டுகள் ஈர்ப்பு விசை மட்டும் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. சற்றே அடர்த்தி கூடிய இடங்கள் மேலும் மேலும் வாயுவை இழுத்துச் சேர்த்தன. கார்பனோ ஆக்சிஜனோ இல்லாத வாயு எளிதில் குளிராது. குளிராத வாயு சிறு துண்டுகளாக உடையாது. அதனால் முதல் தலைமுறை விண்மீன்கள் நம் சூரியனைப் போலப் பல பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு நிறையுடன் பிறந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு பெரிய விண்மீனின் மேற்பரப்பு ஒரு லட்சம் கெல்வின் அளவுக்குச் சூடேறும். அதன் ஒளியில் பெரும்பங்கு புற ஊதா.

இங்கே, இந்தத் துறையைப் பற்றி எழுதும் எல்லோரும் ‘பனிமூட்டம் விலகியது’ என்று சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த உவமை பாதிதான் பொருந்தும். கொடைக்கானல் பனியில் எதிரே வரும் பேருந்தின் விளக்கும் தெரியாது, மரமும் தெரியாது. ஹைட்ரஜன் அணு அப்படி எல்லா ஒளியையும் மறைப்பதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அதன் வழியே தாராளமாகப் போகும். அது முக்கியமாக மறிப்பது இரண்டு வகை ஒளியைத்தான். 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாவை மறிக்கும்; அந்த ஒளிதான் எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது. இன்னொன்று சரியாக 121.6 நானோமீட்டர் அலை, லைமன் ஆல்ஃபா. அது வந்து மோதினால் அணு அதை வாங்கி வேறு திசையில் வீசிவிடும்.

ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் மறிப்பதால் என்ன பெரிய இருட்டு வந்துவிடும் என்று தோன்றலாம். பேரண்டம் விரிகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். குவேசாரிலிருந்து 110 நானோமீட்டரில் கிளம்பும் ஒளி, வழிநெடுக நீண்டுகொண்டே வருகிறது. ஏதோ ஓரிடத்தில் அது 121.6 ஆக நீண்டே தீரும். அந்த இடத்தில் முழு ஹைட்ரஜன் இருந்தால் ஒளி தொலைந்தது. அயனியாக இருந்தால் தப்பித்தது. 105இல் கிளம்பிய ஒளி இன்னும் கொஞ்சம் தள்ளி, நமக்கு அருகே 121.6 ஆகும். அதாவது குவேசாரின் நிறமாலை, அது கடந்து வந்த பாதையின் வரைபடமும்கூட. எந்த மைல்கல்லில் ஹைட்ரஜன் முழுசாக இருந்தது, எங்கே உடைந்திருந்தது என்று அந்தக் கோட்டிலேயே எழுதியிருக்கிறது.

1965இல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்போதுதான் மார்ட்டன் ஷ்மிட், 3சி 9 என்ற குவேசாரின் நிறமாலையை எடுத்திருந்தார். அதன் ஒளி மூன்று மடங்கு நீண்டு வந்ததால், லைமன் ஆல்ஃபா 366 நானோமீட்டருக்கு நகர்ந்து, தரையிலிருந்தே பார்க்கும்படி வந்துவிட்டது. நடுவே முழு ஹைட்ரஜன் நிறைந்திருந்தால் கோட்டின் இடப்பக்கம் அடியோடு இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. பெருவெளியின் ஹைட்ரஜன் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அப்படித்தான். இன்னும் தொலைவுக்கு, இன்னும் பழைய காலத்துக்குப் போனால் அந்த இருட்டு தென்பட வேண்டும் என்பது அதன் மறுபாதி.

அது தென்பட 36 ஆண்டுகள் ஆயின. ஜேம்ஸ் கன் பின்னாளில் ஸ்லோன் வானளவைத் திட்டத்தின் கேமராவை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். நியூ மெக்சிகோ மலையொன்றில் அந்தக் கேமரா வானத்தைப் படமெடுத்துக் குவித்த லட்சக்கணக்கான புள்ளிகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டதுதான் ஜே1030+0524. இளமையில் தாளில் போட்ட கணக்கு சொன்ன இருட்டை, தான் கட்டிய கருவி கண்டெடுத்த குவேசாரிலேயே ஒருவர் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு! அந்தக் குவேசாரின் ஒளி கிளம்பியபோது பேரண்டத்துக்கு வயது 90 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. மலைச்சரிவில் கோடு உடனே விழாமல் ‘கொஞ்ச தூரம்’ போனதாகச் சொன்னேன் அல்லவா? குவேசார் தன்னைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனைத் தானே உடைத்து உண்டாக்கிய குமிழியின் அளவுதான் அந்தக் கொஞ்ச தூரம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்தாயிரத்தில் ஓர் அணு உடையாமல் இருந்தாலே அந்தப் பகுதி முழு இருட்டாகிவிடும். ஆகவே அந்த வரைபடம் ‘வேலை இன்னும் முழுதாக முடியவில்லை’ என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்லும். எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. பிறகு எடுக்கப்பட்ட பல பத்துக் குவேசார்களின் நிறமாலைகளை அடுக்கிப் பார்த்ததில், கடைசித் திட்டுகள் மறைய பெருவெடிப்பிலிருந்து 110 கோடி ஆண்டுகள் வரைகூட ஆகியிருக்கலாம் என்று தெரிகிறது.

வேலை எப்போது பாதியைத் தொட்டது என்பதற்குச் சாட்சி வேறிடத்திலிருந்து வந்தது. ஹைட்ரஜன் உடைந்தால் எலக்ட்ரான்கள் விடுதலையாகும். விடுதலையான எலக்ட்ரான்கள் அண்ட நுண்ணலைப் பின்னணியின் ஃபோட்டான்களைச் சிதறடிக்கும். ‘அப்படியானால் மறுபடியும் பேரண்டம் மூடிக்கொண்டிருக்க வேண்டுமே’ என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. முதல் முறை அணுக்கள் உருவான காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இடையே பேரண்டம் நீள அகலங்களில் 130 மடங்குக்கு மேல் விரிந்திருந்தது. பருமனில் கணக்கிட்டால் அது 20 லட்சம் மடங்கைத் தாண்டும். ஒரு கன மீட்டருக்கு நூறு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான் அன்றைய சராசரி அடர்த்தி. அத்தனை ஐதான எலக்ட்ரான் கூட்டத்தை ஒளி கிட்டத்தட்ட முட்டாமலேயே கடந்துவிடும். பிளாங்க் செயற்கைக்கோள் குழு 2018இல் தந்த இறுதிக் கணக்குப்படி, 100 ஃபோட்டான்களில் ஐந்து மட்டும் வழியில் சிதறியிருக்கின்றன. அந்த ஐந்து எவ்வளவு பழைய எலக்ட்ரான்களைச் சந்தித்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், அயனியாக்கத்தின் நடுப்பகுதி பெருவெடிப்புக்குச் சுமார் 70 கோடி ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. 2003இல் டபிள்யூமேப் செயற்கைக்கோளின் முதல் முடிவு இந்தச் சிதறலை மும்மடங்காகக் காட்டியது. அதை நம்பி, எல்லாம் 20 கோடி ஆண்டுகளிலேயே நடந்துவிட்டதாக ஒரு காலம் எழுதினோம். அளவீடு கூர்மையாகக் கூர்மையாகக் கதை பின்னுக்கு வந்து நின்றது.

சரி, உடைத்தது யார்? ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் விண்மீன்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஹைட்ரஜன் அணுக்கரு இணைந்து ஹீலியமாகும்போது, ஒரு ஹைட்ரஜனுக்குச் சுமார் 70 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. ஓர் அணுவை உடைக்க வேண்டியது 13.6. வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு ஹைட்ரஜன் விண்மீனுக்குள் எரிந்தால், வெளியே ஐந்து லட்சம் ஹைட்ரஜனை உடைக்கப் போதுமான ஆற்றல். எல்லா ஆற்றலும் புற ஊதாவாக வராது, உடைந்த அணுக்களில் சில மறுபடி சேர்ந்துகொள்ளும், அவற்றை மறுபடி உடைக்க வேண்டும் என்றெல்லாம் கழித்தாலும், பேரண்டத்தின் வாயுவில் மிகச் சிறு பங்கு விண்மீன்களாக மாறினாலே கணக்கு நேராகிவிடும். பெரிய நீல விண்மீன் ஒன்று ஒவ்வொரு வினாடியும் அணுவை உடைக்கவல்ல ஃபோட்டான்களை வெளிவிடும் எண்ணிக்கை, 1க்குப் பின் 49 சுழியங்கள் போட்டால் வருவது.

சிக்கல் ஒளியை உண்டாக்குவதில் இல்லை. அது வீட்டைவிட்டு வெளியேறுவதில் இருக்கிறது. விண்மீன்கள் வாயு மேகத்துக்குள்தான் பிறக்கின்றன. பிறந்த விண்மீனின் புற ஊதா ஒளி முதலில் சந்திப்பது தன்னைப் பெற்ற மேகத்தின் ஹைட்ரஜனைத்தான். அங்கேயே ஒரு கோளத்தைக் குடைந்து, அதற்குள்ளேயே தீர்ந்துபோகும். அந்தக் கோளத்தின் அளவை 1939இல் கணக்கிட்டவர் டென்மார்க்கின் பெங்ட் ஸ்ட்ரோம்கிரென். நம் பால்வீதியில் இன்று பிறக்கும் புற ஊதா ஒளியில் கேலக்ஸியைத் தாண்டி வெளியே போவது மிகச் சொற்பம். முதல் கேலக்ஸிகளும் இப்படியே இருந்திருந்தால் பெருவெளியின் ஹைட்ரஜன் இன்றும் முழுசாகவே இருந்திருக்கும். நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு ஒளியாவது கசிந்தால்தான் நடந்ததை விளக்க முடியும் என்று நெடுங்காலம் கருதி வந்தார்கள். இந்த வரலாற்றின் முடிச்சு ‘யார் அதிகமாக ஒளிர்ந்தார்கள்’ என்பதில் இல்லை, ‘யாருடைய ஒளி கசிந்தது’ என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கசிய என்ன வேண்டும்? ஓட்டை வேண்டும். பெரிய விண்மீன் சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழும், பிறகு வெடிக்கும். அந்த வெடிப்பு வாயுவைத் தள்ளி வழி திறக்கும். ஆனால் வழி திறக்கும் நேரத்தில், ஒளி தரும் மற்ற விண்மீன்கள் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். பொருத்தம் தவறினால் கதவு திறந்திருக்கும், உள்ளே விளக்கு அணைந்திருக்கும். சிறிய கேலக்ஸிகளுக்கு இங்கே ஒரு வசதி. அவற்றின் ஈர்ப்பு பலவீனம். சில வெடிப்புகள் போதும், வாயு சிதறிப் பல திசைகளில் இடைவெளி விழும். பெரிய கேலக்ஸி தன் வாயுவை இறுக்கிப் பிடித்திருக்கும்.

இதை நேரில் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால் இயற்கை குறுக்கே நிற்கிறது. அந்தக் காலத்துக் கேலக்ஸியிலிருந்து கசிந்த புற ஊதா ஒளி நம்மிடம் வரவே முடியாது. வழியிலுள்ள ஹைட்ரஜன் அதைக் குடித்துவிடும். உடைப்பதில் செலவாகிப் போன ஒளி அது. ஆகவே பிற்காலத்தில், நமக்குப் பக்கத்தில், அவற்றைப் போன்ற குணமுள்ள கேலக்ஸிகளைத் தேட வேண்டியிருந்தது. ‘கேலக்ஸி ஸூ’ என்ற திட்டத்தில் வானப்படங்களைத் தரம் பிரித்த தன்னார்வலர்கள், 2007 வாக்கில் பச்சைப் பட்டாணி போல் உருண்டையாகத் தெரிந்த சில புள்ளிகளைக் கவனித்துச் சொன்னார்கள். சிறிய, கச்சிதமான, வெறியோடு விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருக்கும் கேலக்ஸிகள் அவை. யூரி இஸோடோவ் தலைமையிலான குழு ஹபிள் தொலைநோக்கியால் அப்படி ஒன்றைப் பார்த்தபோது, 100க்கு 8 பங்கு ஒளி கசிவதாக 2016இல் தெரிந்தது. பிறகு பார்த்த சிலவற்றில் கசிவு பாதியை நெருங்கியது. ஒன்றில் பாதியையும் தாண்டி 72 பங்கு வரை போனது.

இந்தத் தேடலில் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கும் பங்கு உண்டு. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது அது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி 40 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். இருந்தும் 930 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்த ஒரு கேலக்ஸியிலிருந்து கசிந்த, அணுவை உடைக்கவல்ல புற ஊதா ஒளியை அந்தச் சிறு ஆடிதான் பிடித்தது. 2016 அக்டோபரில் மொத்தம் 28 மணி நேரம் வானத்தின் ஒரே திட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததன் பலன். கருவியின் உள்ளிரைச்சல் மிகக் குறைவாக இருந்தது அதன் பெரும் பலம். புனேயின் அயூக்கா நிறுவனத்தைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழு 2020இல் இதை வெளியிட்டது. அந்தக் கேலக்ஸியில் கசிவு 100க்கு 20க்கும் மேல்.

பிறகு ஜேம்ஸ் வெப் வந்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கியின் வேலைத்திட்டத்தில் முதல் வரியே இந்தக் காலம்தான். நீண்டு நீண்டு அகச்சிவப்பாக மாறிவிட்ட பழைய ஒளியைப் பார்க்கவே அது கட்டப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் ஸூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் லில்லி தலைமையிலான குழு, ஜே0100+2802 என்ற குவேசாரைக் குறிவைத்தது. ஆயிரம் கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை அதன் நடுவே இருக்கிறது; அவ்வளவு பிரகாசமான விளக்கு. அந்த விளக்கு இருக்கும் அதே திசையில் 117 கேலக்ஸிகளின் தூரத்தை வெப் அளந்தது. இப்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். குவேசாரின் நிறமாலை பாதையில் எங்கெங்கே ஹைட்ரஜன் உடைந்திருக்கிறது என்று சொல்கிறது. வெப்பின் படம் எங்கெங்கே கேலக்ஸி இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டும் பொருந்தின. கேலக்ஸிகளைச் சுற்றி ஏறக்குறைய 20 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு வெளி தெளிந்திருந்தது. பேரண்டத்தின் வயது அப்போது 90 கோடி ஆண்டுகள். குற்றவாளியைத் தேடுவதில் இதுவரை கிடைத்தவற்றிலேயே நேரடியான தடயம் இதுதான் என்பேன்.

குமிழிகள் எப்படிப் பெருகியிருக்கும் என்று கற்பனை செய்ய, ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகளைப் பார்த்தால் போதும். முதலில் ஊசிமுனைத் துளிகள் தனித்தனியே. பிறகு பக்கத்துத் துளியோடு தொட்டுச் சட்டென்று ஒன்றாகும். இரண்டு குமிழிகள் சேர்ந்தால், ஒன்றின் விண்மீனொளி மற்றதன் எல்லைவரை தடையின்றிப் போகும். எல்லை இன்னும் விரைவாக விரியும். அதனால்தான் தொடக்கம் மந்தமாகவும் முடிவு வேகமாகவும் இருந்தது.

117 கேலக்ஸிகளும் ஓரளவு பிரகாசமானவை. அவற்றைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சிறியவை எத்தனை? அதற்கு வெப்பின் ஆடியும் போதாது. இயற்கையின் உருப்பெருக்கி வேண்டும். ஏபல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு, தனக்குப் பின்னால் உள்ளவற்றின் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பாரிசைச் சேர்ந்த ஹகீம் ஆடெக்கின் குழு அதன் வழியே மிக மங்கலான எட்டு குட்டிக் கேலக்ஸிகளின் நிறமாலைகளை எடுத்து 2024இல் வெளியிட்டது. எல்லாம் முதல் 100 கோடி ஆண்டைச் சேர்ந்தவை. அவை தம் அளவுக்கு வெளியிட்ட அயனியாக்க ஒளி, வழக்கமாக எண்ணி வந்ததைவிட நான்கு மடங்கு. இத்தனை உற்பத்தி இருந்தால் 100க்கு ஐந்து பங்கு கசிந்தாலே முழு வேலையும் முடிந்துவிடும் என்றார்கள். எட்டே எட்டை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது: எண்ணிக்கையில் மிகுந்த, நிறையில் எளிய கேலக்ஸிகள் சேர்ந்து செய்த வேலை இது.

ஆச்சரியம் என்னவென்றால், இருபது ஆண்டுகளாக ‘ஒளி போதவில்லையே’ என்று கவலைப்பட்ட துறை, இப்போது ‘இவ்வளவு ஒளி எப்படி?’ என்று கவலைப்படுகிறது. வெப் எண்ணிய கேலக்ஸிகள், அவற்றின் கூடுதல் உற்பத்தி, பச்சைப் பட்டாணிகள் காட்டிய கசிவு இவை மூன்றையும் பெருக்கினால், ஹைட்ரஜன் பிளாங்க் சொல்லும் காலத்துக்கு வெகு முன்பே உடைந்து முடிந்திருக்க வேண்டும். ஹூலியான் முன்யோஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2024இல் இந்த முரணை வெளிப்படையாக எடுத்து வைத்தார்கள். எங்கோ ஒரு பெருக்கல் தவறு. என் ஊகம், கசிவில்தான். இன்றைய பச்சைப் பட்டாணியை அன்றைய கேலக்ஸிக்கு அப்படியே ஒப்பிடுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விண்மீன் பிறப்பு விட்டுவிட்டு வீறிடும் கேலக்ஸியில், வீறிடும் நேரத்தில் பார்த்தவற்றையே நாம் அதிகம் எண்ணியிருக்கவும் கூடும்.

இதற்கிடையே 2025 மார்ச்சில் யோரிஸ் விட்ஸ்டாக்கின் குழு இன்னொரு புதிரை வைத்தது. பெருவெடிப்புக்கு வெறும் 33 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த ஒரு கேலக்ஸியிலிருந்து, பளிச்சென்று லைமன் ஆல்ஃபா ஒளி. முழு ஹைட்ரஜன் சூழ்ந்திருக்க வேண்டிய காலம் அது. அந்த ஒளி முதலடியிலேயே தொலைந்திருக்க வேண்டும். தப்பி வந்திருக்கிறது என்றால், அந்தக் கேலக்ஸியைச் சுற்றி அப்போதே பெரிய குமிழி இருந்திருக்க வேண்டும்.

குவேசார்களே ஏன் இதைச் செய்திருக்கக் கூடாது என்ற கேள்விக்கு ஹீலியம் பதில் சொல்கிறது. ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சாதாரண விண்மீன்களின் ஒளிக்கு அந்த வலு இல்லை, குவேசாருக்கு உண்டு. ஹைட்ரஜனைக் குவேசார்கள் உடைத்திருந்தால் ஹீலியமும் கூடவே உடைந்திருக்கும். ஆனால் ஹீலியம் முழுதாக உடைந்தது பெருவெடிப்புக்கு 200 கோடி ஆண்டுகளுக்குப் பிறகுதான், குவேசார்கள் பெருகிய காலத்தில். வெப் இப்போது கண்டெடுத்து வரும் சிறு கருந்துளைகளுக்கு ஓரளவு பங்கு இருக்கலாம். முக்கியப் பாத்திரம் அவற்றுக்கு இல்லை.

இதுவரை சொன்ன சாட்சிகள் எல்லாம் உடைத்தவர்களையோ, உடைந்த துகளையோ பற்றியவை. உடையாமல் இருந்த ஹைட்ரஜனே பேசினால்? அது பேசும். முழு ஹைட்ரஜன் அணு மிக அரிதாக 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலையை விடும் அல்லது வாங்கும். விரிவில் நீண்டு, அது இரண்டு மீட்டர் அலையாக நம்மை வந்தடைகிறது. எஃப்எம் வானொலி, தொலைக்காட்சி அலைகளின் பக்கத்து வீடு. வானத்தின் சொந்த இரைச்சல் இந்தக் குரலைவிடப் பல ஆயிரம் மடங்கு உரக்க இருக்கும். 2018இல் எட்ஜெஸ் என்ற கருவி, ஆஸ்திரேலியப் பாலைவனத்திலிருந்து, 78 மெகாஹெர்ட்ஸில் முதல் விண்மீன்களின் சுவட்டைக் கேட்டதாக அறிவித்தது. வானொலி அளவில் ஒரு பள்ளமாகத் தெரிந்த அந்தச் சுவட்டுக்கு, எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆழம். புதிய இயற்பியலே தேவைப்படும் போலிருந்தது. பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனத்தினர் அதைச் சோதிக்கச் சரஸ் 3 கருவியைக் கட்டினார்கள். தரைக்கு அடியிலுள்ள மண்ணும் பாறையும் அலையைத் திருப்பி அனுப்பிப் பொய்க் குரல் கிளப்பும் என்பதால், அவர்கள் ஆன்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். 2020இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் தேங்குநீரிலும் அது மிதந்தது. கீழே ஒரே சீரான தண்ணீர், மேலே கூம்பு வடிவ ஆன்டெனா, சுற்றிலும் மனித அலைகள் குறைந்த காடு. 2022இல் முடிவு: அப்படி ஒரு சுவடு இல்லை. எட்ஜெஸ் கேட்டது வானத்தின் குரலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு தெப்பத்தின் மேல் நின்று பேரண்டத்தின் விடியலைச் சரிபார்த்த அந்த வேலை, கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பெறவில்லை; பெற்றிருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆன்டெனாக்களோடு எழுந்து வரும் எஸ்கேஏ என்ற வானொலித் தொலைநோக்கி, அந்தக் குமிழிகளைப் படமாகவே எடுக்கும் நோக்கம் கொண்டது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

கசிந்த ஒளி ஹைட்ரஜனை உடைத்ததோடு நிற்கவில்லை, அதைச் சூடாக்கவும் செய்தது. பெருவெளியின் வாயு பத்தாயிரம் கெல்வினுக்கு மேல் ஏறியது. சூடான வாயுவைப் பிடித்து வைக்கச் சிறிய கேலக்ஸிகளின் ஈர்ப்புக்கு வலு போதாது. புதிய வாயு உள்ளே வருவது நின்றது. விண்மீன் பிறப்பும் நின்றது. வேலையில் பெரும்பங்கை முடித்தவை எவையோ, அவற்றில் மிகச் சிறியவைக்கு அதுவே கடைசி வேலையாயிற்று.

அவற்றில் சில இன்னும் இருக்கின்றன என்றுதான் வானியலாளர்கள் கருதுகிறார்கள், அதுவும் நம் பால்வீதியைச் சுற்றியே. பூவோட்டஸ் 1, ஹெர்குலிஸ், லியோ 4, உர்சா மேஜர் 1 போன்ற குட்டிக் கேலக்ஸிகளைப் பொறுத்தவரை, கேலக்ஸி என்று சொல்லும்படியாக அங்கே ஒன்றும் தெரியாது. சில பத்தாயிரம் சூரியன்களின் ஒளிதான் மொத்தமும். இவற்றையும் இன்னும் இரண்டையும் சேர்த்து, ஆறு கேலக்ஸிகளின் விண்மீன்களை ஹபிள் ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. 2014இல் அவற்றின் வயதுகள் வெளியாயின. ஒவ்வொன்றும் வெவ்வேறு தொலைவில், வெவ்வேறு திசையில் சுற்றுகிறது. ஆனால் ஆறிலும் பெரும்பாலான விண்மீன்கள் 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அதற்குப் பின் பிறந்தவை ஏறக்குறைய இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஹைட்ரஜன் உடைந்து முடிந்த அதே காலத்தையொட்டி, விண்மீன்களைப் பெறுவதை நிறுத்தியிருக்கின்றன.